நூற்று எழுபத்து மூன்றாம் பக்கம்

வார்டோ தீவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
ஜனவரியில் அது முழுசாகத் தலைகாட்டும் நாளில்
கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள்,
பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.
இடையில் கிடக்கும் எட்டு வாரம்
நூலகத்தில் நிற்க இடமிருக்காது.

புத்தகங்களில் முத்திரை குத்துவது என் வேலை.
ஓட்னி பிரெம்னெஸின் ஒன்பது நாவல்களும்
என் முதுகுப் பக்கம், சூட்டுக்குழாயை ஒட்டி இருக்கின்றன.
கொலைகாரர்களை அவள் எழுதியதே இல்லை.
மாமனாரின் மாத்திரையை ஒரே ஒரு வேளை மறந்தவள்,
எதிர்ப் படகில் விளக்கு அணைந்ததைப் பார்த்தும்
காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தவன்,
இவர்கள்தான்.
எந்தப் போலீஸும் தேடாதவர்கள்.
ஞாயிறு தேவாலயத்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து
சுருதி பிசகாமல் பாடுகிறவர்கள்.

ஏழாவது நாவலில் அர்ன்ஃபின் என்று ஒருவன்.
படகுத்துறை. பனி படிந்த பலகை.
தண்ணீரில் அவன் அண்ணன்.
கையில் கயிறு, உலர்ந்த, நல்ல கயிறு.
அர்ன்ஃபின் எண்ணுகிறான்,
மீன்பெட்டி எண்ணும் அதே குரலில்,
பதினொன்றுவரை.
பிறகு வீசுகிறான்.
அவ்வளவு அழகான வீச்சை அந்தத் துறை கண்டதில்லை,
விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது கயிறு.
பிடிக்கத்தான் கை இல்லை.

புத்தகம் வந்த வருஷம் ஊர் கொதித்தது.
இது ஹால்வார்தான் என்றார்கள் சிலர்,
இல்லை, ஐஸ் ஆலைக்காரன் என்றார்கள்.
அர்ன்ஃபினுக்கு எட்டுப் பேர் தேறினார்கள்.
தன்னைச் சொன்னவர் ஒருவரும் இல்லை.
யாரோ அவள் வாசலில் ஒரு காட் மீன் தலையைச்
செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.
அவள் சூப் வைத்தாள்.
"நல்ல தலை, வீணாக்குவானேன்?"

வாசிப்புக் கூட்டத்தில் பாதிரியாரின் மனைவி கேட்டாள்:
இவ்வளவு கெட்டதை எங்கே போய்ப் பொறுக்குகிறீர்கள்?
"வீட்டில்," என்றாள் ஓட்னி.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்,
நெடுநேரம்.

ஒரு பனிப்புயல் மதியம்,
மதியம் என்று கடிகாரம்தான் சொன்னது,
கிழவர் சிக்வார்ட் ஹோல்மெங் உள்ளே வந்தார்.
தொப்பியில் பனி. கையுறையைக் கழற்றவில்லை.
ஓட்னி என் மேசையருகே நின்றிருந்தாள்,
தவணை கடந்த ஒரு பறவை நூலுக்கு அபராதம் கட்ட.
அவர் அவளிடம் சொன்னார்:
"பதினொன்று இல்லை.
பதினான்கு."

வேறொன்றும் சொல்லவில்லை.
அவர் போன பின்னால் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது.

ஓட்னி என் பென்சிலை எடுத்தாள்.
நூலகப் பிரதியை விரித்து, ஒரே கோடு,
பதினொன்றின் மேல். பக்கத்தில் பதினான்கு.
நூலகப் புத்தகத்தில் எழுதினால் இருநூறு குரோனர்.
நான் அபராதப் பேரேட்டைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சும்மா இருக்கவில்லை.
பதினான்குக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஆறு.
ஓரத்தில், நீல மையில், நாற்பது.
நாற்பதை யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள்.
மீன் எண்ணெய்க் கறை ஒன்று, எண் இல்லாமல்.
மிகக் கீழே, பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில்:
நான் எண்ணவில்லை.
கயிறே எடுத்துப் போகவில்லை.

ஓட்னி போன வருஷம் இறந்தாள்.
ஆஸ்லோவிலிருந்து புதுப் பிரதி வந்தது,
சேதமானதைக் கழித்துவிடச் சொல்லி ஒரு கடிதத்தோடு.
புதியதை ஒருவரும் தொடுவதில்லை.
பழையதைத்தான் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி,
மருந்துக் கடையில் கேட்பதுபோல.

இன்று பீரங்கி வெடித்தது.
பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.
வெளிச்சம் சன்னல் வழியே வந்து
முத்திரை மைப்பெட்டிவரை எட்டுகிறது.
நூலகத்தில் யாரும் இல்லை.
புத்தகம் விரிந்திருக்கிறது.
நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்,
அது கூராகி வெகுநேரம் ஆகிவிட்டது.